நம்ம சீனாக்காரர்

எங்கள் செஞ்சிக்கு ஒரே ஒரு சீனாக்காரர்தான் வந்துகொண்டிருந்தார். அதனால் அவருக்குப் பேர் என்று ஒன்று தேவைப்படவில்லை. தை பிறந்ததும் திண்டிவனத்தில் அறை எடுத்துத் தங்குவார். சந்தை நாளில் முதல் பஸ்ஸில் மடக்கு நாற்காலியும் தகரப் பெட்டியுமாக வந்து இறங்கி, பாயின் ஜவுளிக்கடையை ஒட்டிய வேப்பமரத்தடியில் நாற்காலியை விரிப்பார். ஆடுகிற பல்லைப் பிடுங்குவார், போன பல்லுக்குப் பல் கட்டுவார். சித்திரை வெயில் ஏறியதும் கல்கத்தாவுக்கு ரயிலேறிவிடுவார். அங்கே அவருக்குச் சம்சாரமும் ஒரு பட்டறையும் இருப்பதாகச் சொல்வார்கள்.

அவர் தமிழ் கற்றுக்கொண்டது எங்கள் சந்தையில். ஆகையால் அவருடைய தமிழ் எங்கள் தமிழ். "இன்னாமா நோவுது? வாயத் தொற" என்பார். ழகரம் எங்களுக்கும் வராது, அவருக்கும் வராது. ஒருவரை ஒருவர் குறை சொல்ல இடமில்லாமல் போயிற்று.

என் அம்மா சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். கொல்லையில் கடலை பிடுங்கும்போது அவள் சிரிப்பதைக் கேட்டு, ரோட்டில் போகிறவர்கள் நின்று "இன்னா விசேஷம்?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். நாற்பது வயது ஆவதற்குள் அவளுக்கு ஈறெல்லாம் புண்ணாகி மேல்வரிசைப் பற்கள் ஆட ஆரம்பித்தன. ராத்திரி பகல் என்று இல்லாமல் கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டே கிடந்தாள். சீன எல்லையில் சண்டை வந்ததே, அந்த வருஷத்துத் தை மாதத்தில்தான் சீனாக்காரர் நாலு சந்தைகளில் அவளுடைய மேல்வரிசை முழுவதையும் எடுத்தார். வேறு எந்த ஆம்பளையையும் தன் முகத்துக்கு அருகே விடாத அம்மா, அவர் கையில் மட்டும் வாயைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சித்திரையில் ஈறு ஆறியபின், இளஞ்சிவப்பு மெழுகைச் சுடுதண்ணீரில் காட்டி இளக்கி, அவள் மேல் ஈறில் வைத்து அழுத்தி அளவெடுத்துக்கொண்டார்.

"மளக்காலத்துல உக்காந்து செய்யறேன். தையில செஞ்சிக்குச் செஞ்சி எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அதுவரைக்கும் களி துன்னுமா. களிக்குப் பல்லு வேணாம்."

அன்றைக்கு அம்மா அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் களியும் கீரைக்குழம்பும் வைத்தாள். களி உருண்டையை மெல்லாமல் விழுங்குவதற்கு எங்கள் ஊரில்தான் அவர் கற்றுக்கொண்டிருந்தார். பல்லுக்காரர் பல்லுக்கு வேலையில்லாத சாப்பாட்டை இப்படி ரசித்துச் சாப்பிடுகிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஐப்பசியில் சண்டை வந்துவிட்டது. பாய் கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. நைனா வீட்டுக்கு வந்து, "சீனாக்காரன் சண்டைக்கு வந்துட்டானாம்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நம்ம சீனாக்காரரா? அவரு அப்படிப்பட்டவரு இல்லியே" என்றாள். நைனா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அம்மாவுக்குச் சிரிக்க வாய் இல்லை. தை வந்தது, அவர் வரவில்லை. அடுத்த தைக்கும் வரவில்லை.

மூன்றாவது தையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், உத்தியோகம் கல்கத்தாவில் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில். அவருடைய அப்பா எங்கள் தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்த இடத்தில் ஏற்பட்ட சம்பந்தம். கல்யாணப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்கிறாள். "சம்பந்தியம்மாளுக்கு ரொம்ப ராங்கி, ஒரு சிரிப்புகூட இல்லை" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்குத் தாலி ஏறிய கழுத்தோடு எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்மாவுக்குப் பல் இல்லை என்பதை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

என்னை பஸ் ஏற்ற வந்தபோது அம்மா என் காதோரம் சொன்னாள்: "அவரு கல்கத்தாலதான இருக்காரு. கண்ணுல பட்டா கேளு. இல்லன்னா உட்டுடு." அம்மா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. அந்த 'உட்டுடு'தான் என்னை இரண்டு ராத்திரி ரயிலிலும் தூங்கவிடாமல் செய்தது.

கல்கத்தாவில் நாங்கள் இருந்த தெருவில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள். நான் 'இன்னா' என்று வாயைத் திறந்தால் போதும், அந்த மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரரும், "என்னது, இன்னாவா?" என்று கிண்டல் செய்வார். நாலு மாதத்தில் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு 'என்ன' என்று சொல்லப் பழகிவிட்டேன். புதுச் செருப்பு மாதிரி அது கடித்துக்கொண்டேதான் இருந்தது.

சீனாக்காரர்கள் இருக்கிற பேட்டைக்கு 'சீனாபாரா' என்று அங்கே பேர். நச்சரித்து நச்சரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ட்ராமில் அவர் கேட்டார்: "அந்த ஆள் பேரு என்ன?"

"சீனாக்காரர்."

"பேரைக் கேட்டேன்."

"அதான் பேரு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, பேர் இல்லாவிட்டால் என்ன, அடையாளம் இருக்கிறதே என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். முன்பல் ஒன்று தங்கம். தலையில் துணித்தொப்பி. முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. செஞ்சியில் இதில் ஒன்றைச் சொன்னாலே கை காட்டிவிடுவார்கள். ட்ராமை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பினோம். துணித்தொப்பியும் மடித்த வெள்ளைச் சட்டையுமாக அங்கேயே ஆறேழு பேர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கொட்டாவி விட்டார். தங்கப்பல் பளிச்சென்றது.

அவ்வளவு சீனாக்காரர்கள் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. பார்க்கப்போனால் அந்தத் தெருவில் வேடிக்கைப் பொருள் நான்தான். மூக்குத்தியும் கனகாம்பர நிறப் புடவையுமாக நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்த என்னை ஜன்னல்களிலிருந்து பார்த்தார்கள்.

ஆனாலும் அந்தத் தெரு எனக்குப் பிடித்துப்போயிற்று, சொல்லாமல் இருக்க முடியாது. வாசற்படிகளின் தலையில் கறுப்பு எழுத்து எழுதிய சிவப்புக் காகிதம் வெளுத்துப்போய் ஒட்டியிருந்தது. ஒரு மொட்டைமாடியில் எங்கள் ஊர் சேவை மாதிரி ஏதோ ஒன்றைக் கயிறு கயிறாக மூங்கிலில் காயப் போட்டிருந்தார்கள். கால்சட்டை போட்ட கிழவிகள் முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள். நாங்கள் ஆய்கிற மாதிரியேதான், பழுத்த இலையைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்கள். மூங்கில் கூடையைத் திறந்தால் ஆவி பறக்க வெள்ளை வெள்ளையாகக் கொழுக்கட்டை. ஒரு கடை வாசலில் முழு வாத்துகள் எண்ணெய் வடியத் தொங்கின. என் வீட்டுக்காரர் சுத்த சைவம், கைக்குட்டையை மூக்கில் வைத்தவர் எடுக்கவே இல்லை. கருவாட்டுச் சந்தையில் வளர்ந்த எனக்கு அது ஒரு வாசனையே இல்லை.

நடுவில் ஒரு கோயில். அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சிவந்த முகமும் நெஞ்சுவரை தாடியுமாக ஒரு சாமி, முன்னால் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்கள், மணல் நிரப்பிய அண்டாவில் ஊதுவத்திக் காடு. ஒரு கிழவி எதுவும் கேட்காமல் மூன்று ஊதுவத்திகளைப் பற்றவைத்து என் கையில் கொடுத்தாள். பிள்ளை வரம் கேட்பார்கள், பரீட்சை பாஸாக வேண்டும் என்று கேட்பார்கள். நான் அந்தச் சாமியிடம் எங்கள் அம்மாவின் பல்லைக் கேட்டேன். சிரிக்காமல், மனதாரத்தான் கேட்டேன்.

பிறகு கடை கடையாக விசாரித்தோம். பெரிய வாய் ஒன்றை வரைந்து பலகை மாட்டிய பல் கடைகளே ஐந்தாறு இருந்தன. என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஆபீஸ் ஹிந்தியில், "மெட்ராஸ் பக்கம் போய் வந்துகொண்டிருந்தவர் யாராவது உண்டா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விசாரித்த கடையைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். எதையும் எழுதி வைத்தால்தான் அவருக்கு நடந்த மாதிரி இருக்கும். எங்கே கேட்டாலும் தெரியாது, தெரியாது என்றார்கள். நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டு ஒரு கடையில் பாதிக் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு பூட்ஸ் கடையில்தான் விஷயம் புரிந்தது. கடைக்காரர் நாங்கள் கேட்டதை முழுதாகக் கேட்கவே இல்லை. பேனாவைப் பார்த்ததும் உள்பையில் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். போட்டோ ஒட்டி, முத்திரை குத்திய போலீஸ் பதிவுக் காகிதம். இவரைப் போலீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் வாசித்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும் பேனாவையும் நோட்டையும் என்னிடம் கொடுத்துப் பையில் போடச் சொன்னார். சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது, அந்தத் தெருவில் அது இன்னும் முடியவில்லை.

வெயில் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் செருப்பு வாரும் அறுந்தது. நான் இரண்டு கடை தள்ளி இருந்த இன்னொரு பூட்ஸ் கடையின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தலைக்கு மேல் நின்றபடி, "பேர்கூடத் தெரியாம ஒருத்தரைத் தேடறது என்ன புத்திசாலித்தனம்? உங்கம்மாவுக்கு மெட்ராஸ்ல நல்ல டாக்டரா பார்த்துப் பல்லு கட்டிடலாம். எழுந்திரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் அதைக் கேட்டதும் நாலு மாதமாக விழுங்கி வைத்திருந்தது மொத்தமாக மேலே வந்துவிட்டது.

"இன்னா டாக்டரு? இன்னா மெட்ராஸு? எங்கம்மா இந்த ஜென்மத்துல ஒருத்தருகிட்டதான் வாயத் தொறந்து காட்டுச்சி. மூணு வருசமா வாயப் பொத்திக்கினு இருக்குது. கல்யாணத்துல உங்க ஜனம் ராங்கின்னு சொன்னாங்களே, அது ராங்கி இல்ல, பல்லு இல்ல. உங்களுக்கு இன்னா தெரியும்? இன்னாங்க தெரியும்?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் செத்துவிட்டது. அவருக்குப் பல் விஷயம் தெரியும், ராங்கி விஷயம் தெரியாது.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், அந்தக் கடையின் உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாமா? இன்னா நோவுது?"

நான் அழுதுவிட்டேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஊரிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, யாருக்கும் யாரையும் தெரியாத ஒரு தெருவில், என் வார்த்தையை ஒருவர் அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்கிறார். திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றவர் எங்கள் சீனாக்காரர்தான். பாதியாக இளைத்திருந்தார். தங்கப்பல் இருந்த இடம் காலியாக இருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"செஞ்சி" என்றேன்.

"கோட்ட" என்றார் அவர். என் முகத்தையே பார்த்தார். "களி குடுத்த அம்மா... பொண்ணா?"

அது அவருடைய மைத்துனரின் பூட்ஸ் கடை. உள்ளறையில் அதே மடக்கு நாற்காலி விரித்திருந்தது. வாசலில் பலகை மாட்டவில்லை. சண்டை வந்ததும் தன்னையும் சம்சாரத்தையும் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் எங்கேயோ தூரத்தில் ஒரு முகாமில் இரண்டு வருஷம் வைத்திருந்தார்கள் என்றார். போன வருஷம் மழை பெய்யவில்லை என்று சொல்வது மாதிரி அதைச் சொன்னார். "இப்ப ஊர உட்டுப் போவணும்னா போலீசுல எளுதிக் குடுக்கணும். செஞ்சின்னு எளுதிக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டாங்க. பல்லு குடுக்கணும்னு சொன்னேன். சிரிச்சாங்க. போவ உடல."

பரண்மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே காகிதத்தில் சுற்றிய பல் செட்டுகள், வெள்ளை மாவில் வார்த்த அச்சுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் எங்கள் பக்கத்து வாய்கள். அந்த மழைக்காலத்திலேயே செய்து முடித்துவிட்டாராம். முகாமுக்குப் போகும்போது மைத்துனரிடம் கொடுத்து, மழை ஒழுகாத இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "தொண்டூரு மேஸ்திரி எப்படி இருக்காரு?" என்று கேட்டார். அவர் போன வருஷம் காலமாகிவிட்டார் என்றேன். அந்த அச்சை டின்னில் போடாமல், தூக்கியும் எறியாமல், கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஜன்னலோரம் வைத்தார்.

அம்மாவின் பொட்டலத்தில் சீன எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். "கோட்ட ஊரு, களி அம்மா" என்று வாசித்தார். "பேரு தெரியாது. அம்மா பேரு இன்னா?"

சொன்னேன். அவர் இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, புதிதாக ஒரு சிவப்புக் காகிதம் எடுத்து, மைத் தூரிகையால் அதை எழுதினார். மை உலரும்வரை ஊதினார். பல் செட்டை அந்தக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார்.

"மூணு வருசம் ஆயிப்போச்சி. ஈறு சுருங்கியிருக்கும். ஆடும். அம்மா இங்க வந்தா தேய்ச்சி சரி பண்ணிடுவேன். என்னால அங்க வர முடியாதுமா."

திண்டிவனத்தைத் தாண்டாத அம்மா கல்கத்தாவுக்கு எங்கே வரப்போகிறாள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. மைத்துனர் என் செருப்பு வாரைத் தைத்துக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், கிளம்பும்போது சீனாக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ட்ராமில் வெகுநேரம் கழித்து, "இன்னா, பசிக்குதா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. அவர் வாயில் அது சரியாக வரவும் இல்லை. அந்த மனுஷனை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது அந்த ட்ராமில்தான்.

தலைதீபாவளிக்குச் செஞ்சிக்குப் போனோம். அம்மா பொட்டலத்தை வாங்கி உள்ளே எடுத்துப்போய், கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது பல் போவதற்கு முன்னால் நான் பார்த்துப் பழகிய அம்மா வந்தாள். நைனா அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு வைத்த தட்டிலிருந்து நான் ஒரு அதிரசத்தை எடுத்து, "கடிச்சிப் பாரும்மா" என்று கொடுத்தேன். அம்மா கடித்தாள். அதிரசம் வெளியே வந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு மேல்வரிசை முழுவதும் வந்தது.

அம்மா கையில் இருந்த அதிரசத்தைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையைத் தேடவில்லை, வாயைப் பொத்தவில்லை. மாப்பிள்ளை முன்னால், மேல்வரிசை இல்லாத வாயை அகலத் திறந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ரோட்டில் போன யாரோ நின்று, "இன்னா விசேஷம்?" என்று குரல் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பல்லைச் சாப்பிடும்போது கழற்றி வைப்பாள், சிரிப்பதற்குப் போட்டுக்கொள்வாள். ஆடினால் நாக்கால் தள்ளி நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அன்றைக்குச் சிரித்து ஓய்ந்தபின் அம்மா சிவப்புக் காகிதத்தை எடுத்து முட்டிமேல் வைத்து நீவினாள். "இதுல இன்னா எளுதியிருக்குது?"

"உன் பேரும்மா. கேட்டு எளுதினாரு."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காகிதத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அவரு பேரு இன்னா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எதையும் எழுதி வைக்கிற மனுஷர், அன்றைக்குப் பேனாவை என் பையில் போட்டுவிட்டாரே.

"கேக்கலியா?" என்றாள் அம்மா. திட்டவில்லை. "அவரு கேட்டாரு. நாம கேக்கல."

திரும்பிப் போனதும் முதல் வேலையாகக் கேட்டுவிடலாம் என்று இருந்தோம். நாங்கள் ஊரில் இருக்கும்போதே என் வீட்டுக்காரருக்கு நாகபுரிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கல்கத்தா வீட்டைக் காலி செய்ய இரண்டே நாள் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போன நண்பர் ஒருவரை அனுப்பி விசாரித்தோம். பூட்ஸ் கடையில் வேறு யாரோ இருந்தார்கள். குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார்கள் என்றார்களாம். யார் குடும்பம் என்று கேட்பதற்கு நண்பரிடமும் பேர் இல்லை.

அம்மா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காகிதம் என் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது. சிவப்பு வெளுத்துவிட்டது, மை அப்படியே இருக்கிறது. அதில் அம்மாவின் பேர் இருக்கிறது. அவர் பேர் இல்லை.